வீட்டுக்குள் கரும்பச்சை

தைப்பொங்கலுக்கு முன்போ சித்திரை வருடப் பிறப்புக்கு முன்போ வீட்டுக்கு வெள்ளையடிப்பது நம்மவரிடையே தொன்றுதொட்டு வந்த வழக்கம். சுண்ணாம்பை நீற்றி, வடித்தெடுத்து, அதிற் சிறிது நீலமுங் கலந்து பூசிவிட்டால் வீடு புதுப்பொலிவு பெற்றுவிடும். எந்த நிறத்தைப் பூசுவது என்ற வினா அந்நாளில் எழுந்ததேயில்லை. இன்றோ வர்ணப்பூச்சு விற்குங் கடைக்குச் சென்றால், நூற்றுக்கணக்கான நிறங்களை அச்சிட்ட அட்டைகளை நம் கையில் தருகிறார்கள். நாம் சுட்டிக்காட்டும் நிறத்தை இயந்திரம் சில நிமிடங்களிற் கலந்து கொடுத்துவிடுகிறது. தேர்ந்தெடுக்கும் உரிமை கிடைத்தது நன்றே. ஆயினும் அவ்வுரிமையோடு, எதைத் தேர்வது என்ற தொல்லையும் உடன்வந்து சேர்ந்துவிட்டது.

அண்மை ஆண்டுகளில் வீட்டின் உட்புறத்துக்கு இளையோர் பலர் விரும்பும் நிறங்களுள் ஒன்று கரும்பச்சை. பலாவிலையின் மேற்புறத்தையும், மழை நனைந்த பாசி படர்ந்த கல்லையும் நினைவூட்டும் ஆழ்ந்த பச்சை அது. நாம் அறிந்த இல்லமொன்றில் இந்நிறம் பற்றி எழுந்த விவாதத்தைக் கேட்க நேர்ந்தது. பல்கலைக்கழகத்திற் பயிலும் பேர்த்தி, முன்மண்டபத்துக்குக் கரும்பச்சை பூச வேண்டும் என்றாள். ஆச்சிக்கு அது பிடிக்கவில்லை.

“இதென்ன பிள்ளை, வீட்டைக் குகையாக்கப் போறியே? பகலிலையும் விளக்குக் கொளுத்த வேணுமோ?”

“இல்லை ஆச்சி, இப்ப எல்லாரும் இப்பிடித்தான் அடிக்கினம். கண்ணுக்கு எவ்வளவு குளிர்ச்சி தெரியுமே?”

இருவர் கட்சியிலும் நியாயம் உண்டு. ஒரு நிறம் கண்ணுக்கு இனிமையாயிருப்பது ஒன்று. அது நாம் வாழும் அறைக்கும், அவ்வறையில் வளரும் குழந்தைகளுக்கும் ஏற்றதாயிருப்பது மற்றொன்று. பச்சை நிறத்தின் வரலாற்றைப் படிப்போர், இவ்விரண்டையும் ஒன்றென மயங்கியதால் நேர்ந்த துன்பங்களையும் படிக்க நேரும். ஆதலின் கண் விரும்புவதை அறிவு ஒருமுறை விசாரித்துப் பார்ப்பது நல்லது. அவ்விசாரணையையே இக்கட்டுரையில் மேற்கொள்வோம்.

பச்சை என்னும் சொல்

நம் மொழியிற் பச்சை என்பது வெறும் நிறப்பெயரன்று. பச்சைப்பிள்ளை, பச்சைத் தண்ணீர், பச்சையரிசி, பச்சை மண் என்று வழங்கும்போது நிறத்தையா கருதுகிறோம்? புதுமையையும், வேகாத தன்மையையும், இயல்பாக உள்ள நிலையையுமே கருதுகிறோம். பசுமை என்றால் வளம். பஞ்சத்தால் வாடிய நிலத்தில் முதன்முதல் தலைகாட்டும் புல்லின் நிறம் மனிதன் மனத்துக்கு ஆறுதல் தந்ததில் வியப்பில்லை.

ஆனால் அதே அடியிலிருந்தே பசப்பு, பசலை என்னும் சொற்களும் பிறந்தன. தலைவனைப் பிரிந்த தலைவியின் மேனியிற் படரும் நிறமாற்றத்தைப் பண்டைப் புலவர் பசலை என்றனர். வளத்தைக் குறிக்கும் அடியே வாட்டத்தையுங் குறிக்கின்றது. இவ்விரு முகங்களும் பச்சை வர்ணத்தின் வரலாற்றிலும் அமைந்திருத்தலை மேலே காண்போம்.

வெளிச்சத்தின் கணக்கு

முதலில் ஆச்சியின் கட்சியை எடுத்துக்கொள்வோம். கரும்பச்சை பூசிய அறை இருளுமா? இருளும் என்பதே விடை. எவ்வளவு இருளும் என்பதை மாணவர் எளிதிற் கணக்கிட்டு அறியலாம்.

புதிதாக வெள்ளையடித்த சுவர் தன்மேல் விழும் ஒளியில் ஏறத்தாழ 80 வீதத்தைத் திருப்பி அனுப்பும். ஆழ்ந்த கரும்பச்சைச் சுவரோ ஏறத்தாழ 10 வீதத்தையே திருப்பும். எஞ்சியதை அது விழுங்கிவிடும். யன்னல் வழியே வரும் ஒளி ஒரு சுவரிற் பட்டுத் தெறித்து, அடுத்த சுவரிற் பட்டு, மீண்டுந் தெறித்தே அறையின் மூலைகளுக்குச் செல்கின்றது. வெள்ளைச் சுவர்களில் 100 பங்கு ஒளி முதற்றெறிப்பில் 80 ஆகவும், இரண்டாவதில் 64 ஆகவும், மூன்றாவதில் 51 ஆகவும் குறையும். கரும்பச்சைச் சுவர்களிலோ அதே 100 பங்கு முதலில் 10 ஆகி, இரண்டாவதில் 1 ஆகி, மூன்றாவதில் இல்லாததற்கு ஒப்பாகிவிடும். நான்கு சுவர்களையும் கரும்பச்சையாக்கினால் யன்னலருகே மட்டும் வெளிச்சமும் மூலைகளில் இருளும் தங்குவதன் காரணம் இதுவே.

எனவே யன்னல் ஒன்றே உள்ள அறைக்கும், மரநிழல் கவிந்த அறைக்கும், பிள்ளைகள் பகலிற் படிக்கும் அறைக்கும் நான்கு புறமும் கரும்பச்சை ஆகாது. குசினிக்கும் ஆகாது. அரிசியிற் கல் பொறுக்குபவருக்கும், மீன் வெட்டுபவருக்கும் ஒளியே முதல் உதவி. அங்கே வெண்மையோ இளமஞ்சளோதான் பொருந்தும்.

ஆனால் பழைய நாற்சார் வீட்டின் அமைப்பைச் சிந்தித்துப் பாருங்கள். நடுமுற்றத்தில் நண்பகல் வெயில் கொட்டுகின்றது. அதை அடுத்த விறாந்தையில் அமர்ந்திருப்போர் கண்கள் வெண்சுவரின் கூசலால் சுருங்குகின்றன. வெளிச்சம் மிகுந்த இவ்விடத்தில் ஒரு சுவர் கரும்பச்சையாயிருப்பின் அது இருளைத் தராது, நிழலைத் தரும். இருளுக்கும் நிழலுக்கும் உள்ள வேற்றுமையை வெயிலில் நடந்து வந்து மரத்தடியில் நின்றவர் அறிவர். ஒளி எங்கே தேவைக்கு மிஞ்சியுள்ளதோ அங்கே கரும்பச்சை பொருந்தும். எங்கே அருமையோ அங்கே அது பொருந்தாது. வாசகர் இந்த ஒரு விதியை நினைவிற் கொண்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

அந்திக்குரிய நிறம்

இனிப் பேர்த்தியின் கட்சி. பச்சை கண்ணுக்குக் குளிர்ச்சி என்பது வெறும் வாய்ச்சொல்தானா?

பகலொளியில் மனிதக் கண் மிக எளிதாக உணரும் ஒளி, பச்சையும் மஞ்சளும் கலந்த நிறத்தது. அதன் அலைநீளம் ஏறத்தாழ 555 நனோமீற்றர். ஒளி மங்க மங்க இவ்வுச்சி நீலப்பச்சைப் பக்கமாக நகர்ந்து 507 நனோமீற்றர் அளவில் நிற்கும். இம்மாற்றத்தை 1819 ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டியவர் பொஹீமிய நாட்டு அறிஞர் புர்க்கிஞ்ஞே. இதைக் காண ஆய்வுகூடம் வேண்டியதில்லை. மாலையிற் செம்பருத்திச் செடியின் முன் நின்று பாருங்கள். பகலிற் கண்ணைப் பறித்த சிவந்த பூ, பொழுது சாயச் சாயக் கறுத்துப் போகும். இலைகளோ பூவைவிடத் துலக்கமாகத் தோன்றும். அந்தி மயங்கும் வேளையில் அமர்ந்து உரையாடும் அறைக்குப் பச்சை இதமளிப்பதற்கு இதனையும் ஒரு காரணமாகக் கொள்ளலாம்.

எனினும் இரவிலே விளக்கின் இயல்பையுங் கவனித்தல் வேண்டும். இக்காலத்து எல்.ஈ.டி. மின்குமிழ்ப் பெட்டிகளில் 2700, 4000, 6500 என்று எண்கள் பொறித்திருப்பர். 2700 என்பது பழைய இழைக்குமிழின் மஞ்சள் ஒளியை ஒத்தது. 6500 என்பது பகலை ஒத்த வெண்மையுடையது. மஞ்சள் ஒளியிற் கரும்பச்சை சற்றே பழுத்து, ஒலிவ நிறச் சாயல் பெறும். வெண்மை மிகுந்த ஒளியில் நீலஞ் சார்ந்து, வைத்தியசாலைச் சுவரை நினைவூட்டும். கடையின் வெளிச்சத்திற் பார்த்து வாங்கிய நிறம் வீட்டுக்கு வந்ததும் வேறாகத் தோன்றுகிறதே என்று கவலைப்படுவோர் முதலிற் குமிழை மாற்றிப் பார்ப்பது நன்று.

அயலாரால் அழகு பெறும் நிறம்

ஒரு நிறம் தனித்து நிற்பதில்லை. பிரான்சிய இரசாயன அறிஞர் செவ்ரல் பாரிஸ் நகரின் கொபலின் திரைச்சீலைத் தொழிற்சாலையிற் சாயமிடும் பகுதிக்குத் தலைவராயிருந்தார். கறுப்பு நூல் போதிய கருமையாக இல்லை என்று குறை சொல்லப்பட்டது. அவர் சாயத்தைச் சோதித்தார். அதிற் குறை காணவில்லை. கறுப்பின் அருகே நெய்யப்பட்டிருந்த நிறங்களே கண்ணை மயக்கின என்று கண்டார். அடுத்தடுத்துள்ள நிறங்கள் ஒன்றையொன்று மாற்றிக் காட்டும் முறையை விளக்கி 1839 ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட நூல் ஓவியர்க்கும் நெசவாளர்க்கும் வழிகாட்டியாயிற்று.

அவர் கண்ட விதிப்படி பச்சைக்கு எதிர்நிறம் சிவப்பு. பச்சையின் அருகே வைத்த பொருள் சற்றே செம்மை ஏறித் தோன்றும். முதிரை மரக் கதவும், பலாப்பலகைப் பெட்டியும், தேக்குச் சாய்மனைக் கதிரையும் வெண்சுவரின் முன் காட்டும் நிறம் ஒன்று. கரும்பச்சையின் முன் காட்டும் நிறம் வேறொன்று. மரத்தின் செம்மை அங்கே உயிர்பெற்று எழும். துலக்கி வைத்த பித்தளைக் குத்துவிளக்கு பொன்போல ஒளிரும். சிவந்த சீமெந்துத் தரை உள்ள வீடுகளில் கரும்பச்சைச் சுவர் நன்றாக அமைவதும் இவ்விதி பற்றியே.

இவ்வறிவை உயிர் காக்கும் தொழிலிற் பயன்படுத்தியவரும் உளர். வெண்மையான அறுவைச் சிகிச்சை அறையிற் குருதியின் சிவப்பை நெடுநேரம் நோக்கிக் களைத்த கண், தலைநிமிர்ந்து வெண்சுவரை நோக்கினாற் கூசும். 1914 ஆம் ஆண்டில் சான் பிரான்சிஸ்கோ நகரத்துச் சிகிச்சை நிபுணர் ஹரி ஷேர்மன் அவ்வறைக்குப் பச்சை பூசுவித்தார். எம்போன்ற ஆசிரியர்க்கும் இது அயலான செய்தியன்று. பழக்கத்தாற் கரும்பலகை என்று நாம் சொல்லுவது, இன்று பல வகுப்பறைகளிற் கரும்பச்சைப் பலகையே அன்றோ!

பச்சை அறை எவ்வாறு அமையலாம் என்பதற்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு ஒன்று லண்டன் மாநகரில் இருக்கின்றது. இன்று விக்ரோறியா அல்பேட் நூதனசாலை எனப்படும் இடத்தில், பார்வையாளர் உணவருந்துவதற்கென வில்லியம் மொறிஸ் என்பாரின் நிறுவனம் 1860களில் அமைத்த பச்சை உணவறை அது. பச்சைச் சாந்திலே கிளையும் இலையுமாகப் புடைப்பு வேலை. கீழ்ப்புறத்து மரப்பலகைகளிடையே பொன்னிறப் பின்னணியில் உருவங்கள். ஒளி தாராளமாக வரும் உயர்ந்த யன்னல்கள். பச்சை, பொன், ஒளி என்ற மூன்றும் ஒன்றையொன்று தாங்கி நிற்பதே அவ்வறையின் சிறப்பு. எனினும் அதே மொறிஸின் பெயர், பச்சையின் இருண்ட வரலாற்றிலும் இடம்பெற்றுவிட்டது.

களிம்பிலிருந்து பாஷாணத்துக்கு

செம்புப் பாத்திரத்தைப் புளியிட்டு விளக்காது விட்டால் பச்சைக் களிம்பு பிடிக்கும் என்பதை நம் தாய்மார் அறிவர். ஐரோப்பாவில் நெடுங்காலம் ஓவியர்க்கும் வீட்டுக்குப் பூச்சிடுவோர்க்கும் துலக்கமான பச்சையைத் தந்தது இந்தக் களிம்பே. பிரான்சிலுள்ள மொன்பெலியே நகரப் பெண்கள், செப்புத் தகடுகளைப் புளித்த திராட்சைச் சக்கையோடு அடுக்கிவைத்து, தகட்டிற் படர்ந்த களிம்பைச் சுரண்டி விற்றனர். அமெரிக்காவின் முதலாவது ஜனாதிபதி வொஷிங்டன் தமது மவுண்ட் வேர்னன் இல்லத்துச் சிறிய உணவறைக்கு 1780களிற் பூசுவித்தது இவ்வகைப் பச்சையே. ஆனால் இது நாளடைவிற் கறுத்துப் போகும் இயல்பினது.

நிறம் மாறாத மலிவான பச்சைக்கு உலகம் ஏங்கியிருந்த வேளையில், 1775 ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு இரசாயன அறிஞர் ஷீலே, செம்பையும் ஆசனிக்கையுஞ் சேர்த்துப் புதிய பச்சையொன்றைக் கண்டார். ஆசனிக்கு என்பது நம் வைத்திய நூல்கள் பாஷாணம் என்று கூறும் நச்சுப் பொருள்களின் இனத்தது. 1814 ஆம் ஆண்டில் ஜேர்மனியின் ஷ்வைன்ஃபூட் நகரில் இதனினும் ஒளிமிக்க பச்சை பிறந்தது. அதற்கு மரகதப்பச்சை என்று பெயரிட்டனர். அதிலும் இருந்தது ஆசனிக்கே. சுவருக்கு ஒட்டும் அலங்காரக் கடதாசியிலும், செயற்கைப் பூவிலும், உடுப்பிலும், விளையாட்டுப் பொருளிலும் அப்பச்சை ஏறிற்று. கண் விரும்பிற்று, அறிவு விசாரிக்கவில்லை.

1861 ஆம் ஆண்டில் லண்டனிற் செயற்கைப் பூவிதழ்களுக்குப் பச்சைத் தூள் தூவும் தொழில் செய்த மாட்டில்டா ஷோயரர் என்னும் 19 வயது நங்கை அந்நஞ்சினால் இறந்தாள். அடுத்த ஆண்டில் அந்நகரின் லைம்ஹவுஸ் பகுதியில் ஒரே குடும்பத்துக் குழந்தைகள் நால்வர் ஒருவர்பின் ஒருவராக மாண்டனர். தொற்றுநோய் என்று முதலிற் கருதினர். மருத்துவர் படுக்கையறையின் பச்சைச் சுவர்க்கடதாசியை ஐயுற்றார். சோதித்தபோது அதில் ஆசனிக்கு இருந்தது.

ஈரம் ஊறிய சுவரிற் பூஞ்சணம் பிடிக்கும்போது இப்பச்சையிலிருந்து நச்சு வாயு எழுகின்றது என்று 1890களில் இத்தாலிய மருத்துவர் கோசியோ எடுத்துக்காட்டினார். அவ்வாயு இன்னதென 1930களில் இங்கிலாந்திலே சலஞ்சர் என்பார் ஆராய்ந்து தெளிந்தார். வாயுவைவிட, சுவரிலிருந்து உதிர்ந்த தூசியே மிகுந்த தீங்கு செய்திருக்கலாம் என்பது பிற்காலத்து ஆராய்ச்சியாளர் சிலர் கருத்து. வழி எதுவாயினும், நஞ்சு சுவரில் இருந்தது. அதன் அருகே குழந்தை உறங்கியது. இதே மரகதப்பச்சை பின்னர் பயிர்களை அழிக்கும் வண்டுகளைக் கொல்லவும், நுளம்புக் குடம்பிகளைக் கொல்லவும் மருந்தாகத் தூவப்பட்டது என்பதை அறியும்போது, அதைப் படுக்கையறையில் ஒட்டிய கொடுமை விளங்கும்.

மேலே கூறிய மொறிஸின் தொடக்ககாலச் சுவர்க்கடதாசி ஒன்றிலும் ஆசனிக்கு இருந்தமை 2003 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்றினால் உறுதியாயிற்று. ஆசனிக்கை உற்பத்தி செய்த பெருஞ் சுரங்கமொன்றில் அவர் குடும்பத்துக்குப் பங்குகள் இருந்தன. 1870களிற் சில ஆண்டுகள் அவரே அதன் இயக்குநருள் ஒருவராயும் இருந்தார். அழகை வாழ்வின் உரிமையென முழங்கிய பெரியாருக்கும் இத்தகைய குருட்டிடம் இருந்ததே என்று எண்ணும்போது, நமக்கு எச்சரிக்கை எத்துணை வேண்டும் என்பது புலனாகும்.

இங்கே ஓர் ஆசிரியரின் தொண்டை நினைவுகூர்தல் தகும். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்து விவசாயக் கல்லூரியில் இரசாயனம் கற்பித்த ரொபேட் கெட்சி, கடைகளில் விற்ற நச்சுச் சுவர்க்கடதாசிகளின் துண்டுகளை நூலாகக் கட்டி, ‘மரணச் சுவர்களின் நிழல்கள்’ என்று பொருள்படும் பெயரிட்டு, 1874 ஆம் ஆண்டில் மாநிலத்து நூலகங்களுக்கு அனுப்பினார். அச்சிட்டவை 100 பிரதிகள். ஒவ்வொரு பிரதியிலும் 86 மாதிரிகள். மக்கள் தத்தம் வீட்டுச் சுவரோடு ஒப்பிட்டு அறியவேண்டும் என்பதே அவர் நோக்கம். பிற்காலத்தில் அந்நூலே ஆபத்தானது என்று பெரும்பாலான பிரதிகள் அழிக்கப்பட்டன. எஞ்சிய சிலவற்றின் தாள்கள் உறையிட்டுக் காக்கப்பட்டுள்ளன.

பிரித்தானியாவில் இச்சுவர்க்கடதாசியைத் தடைசெய்ய ஒரு சட்டமும் இயற்றப்படவில்லை. ஆயினும் அது மறைந்தது. எப்படி? மருத்துவரும் பத்திரிகைகளும் செய்தியைப் பரப்ப, வீட்டார் அதை வாங்க மறுத்தனர். நஞ்சில்லாதது என்று சான்றளித்தாலன்றி விற்க முடியாது என்ற நிலை வியாபாரிகளுக்கு ஏற்பட்டது. குடும்பங்கள் கேட்ட கேள்வியே அந்த நஞ்சை வெளியேற்றியது.

இன்று எஞ்சியுள்ள ஐயம்

இன்றைய பச்சையில் ஆசனிக்கு இல்லை. 19 ஆம் நூற்றாண்டில் வந்த குரோமியப் பச்சைகளும், 1930களில் வந்த தலோசயனைன் என்னும் சேதனப் பச்சையும் அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டன. தலோசயனைன் கண்டுபிடிக்கப்பட்ட கதை சுவையானது. 1928 ஆம் ஆண்டில் ஸ்கொட்லாந்துத் தொழிற்சாலையொன்றிற் பாத்திரத்தின் உட்பூச்சு வெடித்து, உள்ளிருந்த இரும்பு கலவையிற் பட, எதிர்பாராத நீலப்பொருளொன்று தோன்றியது. அதை ஆராய்ந்ததன் பயனாக முதலில் நீலமும் பின்னர் பச்சையும் உலகுக்குக் கிடைத்தன.

ஆனால் மற்றொரு நஞ்சை நாம் மறத்தலாகாது. கதவுக்கும் யன்னலுக்கும் வெளிக்கம்பிக்கும் பூசிய பழைய கரும்பச்சைப் பூச்சுகளிற் பல, குரோம் மஞ்சளையும் பிரசிய நீலத்தையுங் கலந்து செய்தவை. குரோம் மஞ்சள் என்பது ஈயச் சேர்க்கை. ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைத் தாக்கும். அவுஸ்திரேலியாவின் பிறிஸ்பேன் நகரத்துக் கண்வைத்தியர் லொக்காட் கிப்சன், விறாந்தைக் கம்பிகளின் பூச்சுத் தூளே குழந்தைகளுக்கு ஈயநஞ்சு ஊட்டியது என்று 1904 ஆம் ஆண்டிலேயே எழுதினார். அவர் மாநிலத்தில் அதற்கெதிரான சட்டம் 1922 ஆம் ஆண்டிலேயே வந்தது. நம் இலங்கையில் பூச்சுகளில் இருக்கக்கூடிய ஈயத்தின் அளவுக்கு 2013 ஆம் ஆண்டிலிருந்து வரம்பு விதிக்கப்பட்டுள்ளது. அதற்கு முன்னர் பூசிய கதவுகளும் யன்னல்களும் நம் பழைய வீடுகளில் இன்னும் நிற்கின்றன.

எனவே பழைய பூச்சு உரிந்துகொண்டிருப்பின், அதை உலர்ந்தபடி அரத்தாள் கொண்டு தேய்த்தல் ஆகாது. நெருப்பு வைத்து உருக்குதலும் ஆகாது. தண்ணீர் தெளித்து நனைத்தே சுரண்ட வேண்டும். குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அவ்விடத்தில் இருத்தலாகாது. உதிர்ந்த துகளைத் தும்புத்தடியாற் கூட்டாமல், ஈரத்துணியால் ஒற்றி எடுத்து, உறையிற் கட்டி அப்புறப்படுத்த வேண்டும். வேலை செய்தவர் கைகழுவி உடை மாற்றிய பின்னரே உணவருந்த வேண்டும். புதுப்பூச்சு வாங்கும்போது தகரத்தின் மேலுள்ள எழுத்தை வாசித்து, ஈயம் சேர்க்கப்படாததா என்று கடைக்காரரைக் கேட்பது நம் கடமை.

பூசும் முறை

இத்துணையும் அறிந்தபின், கரும்பச்சை பூசத் துணிவோர்க்குச் சில குறிப்புகள்.

முதலாவது, சுவரின் நிலை. புதிய சீமெந்துச் சாந்து காரத்தன்மை மிக்கது. அது ஒரு மாதமாவது உலர்ந்த பின்னரே பூச்சுக் காணவேண்டும். ஈரம் ஏறும் சுவரில் உப்புப் பூக்கும். வெண்சுவரிற் கண்ணுக்குத் தெரியாத அவ்வெண்மை, கரும்பச்சையிற் சாம்பல் கொட்டியதுபோலத் தோன்றும். ஆதலின் ஈரத்தின் காரணத்தை முதலில் தீர்த்தல் வேண்டும். நிறம் அதன் பின்னரே.

இரண்டாவது, மாதிரி. கடையட்டையிலுள்ள சிறு கட்டத்தைப் பார்த்து முடிவு செய்தலாகாது. மிகச் சிறிய அளவு வாங்கி, இரண்டடிச் சதுர மட்டையிற் பூசி, காலை, நண்பகல், அந்தி, விளக்கு வைத்த பின் என நான்கு வேளையும் சுவரோடு வைத்துப் பாருங்கள். அறையின் வெவ்வேறு மூலைகளிலும் வையுங்கள். மூன்று நாள் பார்த்தும் சலிக்காத நிறமே உங்களுக்குரியது.

மூன்றாவது, அளவு. 12 அடி நீளமும் 10 அடி உயரமும் உள்ள சுவர் 120 சதுர அடி. ஒரு லீற்றர் பூச்சு ஒருமுறை பூச ஏறத்தாழ 100 முதல் 120 சதுர அடிக்குப் போதும். கரும் நிறத்துக்கு இரண்டு பூச்சு கட்டாயம், மூன்றாவதும் தேவைப்படலாம். வெண்மையான அடிப்பூச்சுக்குப் பதிலாகச் சாம்பல் கலந்த அடிப்பூச்சிட்டால் மேற்பூச்சு விரைவில் நிறைவு பெறும். தேவையான முழு அளவையும் ஒரே கலவையாக வாங்குதல் நன்று. பின்னர் வாங்கிச் சேர்ப்பது நிறத்தில் இம்மியளவு வேறுபட்டாலும் கரும்பச்சை காட்டிக்கொடுத்துவிடும்.

நான்காவது, பளபளப்பு. மினுமினுக்கும் பூச்சு சுவரின் மேடுபள்ளத்தையெல்லாம் காட்டும். விளக்கின் பிம்பத்தையும் காட்டும். மினுக்கமே இல்லாத பூச்சிலோ குழந்தைகளின் கைத்தடம் படிந்துவிடும். இவ்விரண்டுக்கும் நடுத்தரமானதே நம் வீடுகளுக்கு உகந்தது.

ஐந்தாவது, அளவறிதல். வீடு முழுவதையும் கரும்பச்சையாக்குதல் சோற்றை விட்டுக் கறியை மட்டும் உண்பதற்கு ஒப்பாகும். ஒரு சுவர் போதும். அல்லது நிலத்திலிருந்து மூன்றரை அடி உயரம்வரை கரும்பச்சையும் அதற்கு மேல் வெண்மையும் பூசலாம். நம் பழைய பாடசாலைகளிலும் அரசாங்கக் கட்டடங்களிலும் கீழ்ப்புறத்துக்குக் கருநிறம் பூசும் வழக்கம் இருந்தது. அழுக்குத் தெரியாது, மேற்புறத்து வெண்மை ஒளியையும் தரும். முகட்டுப்பலகை வெண்மையாகவே இருக்கட்டும். மீண்டும் வெள்ளையாக்க விரும்பும் நாள் வந்தால் கரும்பச்சையை மறைக்கப் பல பூச்சுகள் வேண்டியிருக்கும் என்பதையும் இப்போதே எண்ணிப்பார்த்தல் நன்று.

மேலே சொன்ன இல்லத்தில் முடிவு எவ்வாறாயிற்று என்று வாசகர் கேட்கலாம். முன்மண்டபத்தில் முற்றத்து வெயிலை எதிர்நோக்கிய சுவர் ஒன்றுக்கு மட்டும் கரும்பச்சை பூசினார்கள். உரிந்திருந்த பழைய யன்னற் பூச்சை நனைத்துச் சுரண்டும் இரண்டு நாட்களும் சிறுபிள்ளைகளை மாமி வீட்டுக்கு அனுப்பிவைத்தார்கள். ஆச்சியின் அறை அவர் விருப்பப்படி வெண்மையாகவே இருக்கின்றது.

செல்வம் மிகுந்தோர்க்கே வீட்டலங்காரம் உரியது என்று எண்ணுதல் தவறு. ஒரு சுவருக்குப் பூசப் பெருந்தொகை வேண்டியதில்லை. சற்று ஆராயும் பொறுமையே வேண்டும். இம்முறை பண்டிகைக்குத் தூரிகையைக் கையில் எடுக்குமுன், அறையில் ஒளி எங்கிருந்து வருகின்றது, பழைய பூச்சில் என்ன இருக்கின்றது, புதிய தகரத்தில் என்ன எழுதியிருக்கின்றது என்ற மூன்று வினாக்களையும் பெற்றோர் பிள்ளைகளோடு சேர்ந்தே கேட்பார்களாக. அவ்வினாக்களுக்கு விடை கண்டு பூசிய கரும்பச்சை, கண்ணுக்கும் இனிமை தரும். அதன் கீழ் விளையாடும் குழந்தைக்கும் தீங்கு செய்யாது.